திப்பு சுல்தானின் துப்பாக்கியும் கைத்துப்பாக்கியும்

சென்ற ஆண்டு விழாவில் நம் காலனிச் சிறார்கள் அட்டையாலும் வர்ணத் தாளாலும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையைச் செய்து மேடையருகே வைத்திருந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோட்டை நன்றாகவே அமைந்திருந்தது. ஆனால் மதில்மேல் நின்ற திப்பு சுல்தானின் கையில் எந்த ஆயுதத்தைக் கொடுப்பது என்பதில் பிள்ளைகளுக்குள் பெரிய வழக்கு மூண்டுவிட்டது. வாள் ஒன்றே போதும் என்றது ஒரு கட்சி. துப்பாக்கி வேண்டும் என்றது மற்றொன்று. துப்பாக்கியோடு இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியும் வேண்டும் என்றான் ஒரு சிறுவன். முடிவில் இக்காலப் பட்டாளத்துச் சிப்பாய் தூக்கும் துப்பாக்கி ஒன்றின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுல்தானின் கையில் ஒட்டிவிட்டார்கள். தீர்ப்புக் கேட்டு நம்மிடம் வந்தபோது, நமக்கும் விடை தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஓராண்டு தாமதமாயினும் அவ்விடையை இம்மலரில் எழுதுகிறோம்.

தேவராஜ மொஹல்லாவிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் பதினைந்து கிலோமீட்டர் தூரந்தான். ரெயிலில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை மடித்து முடிப்பதற்குள் காவிரிப் பாலம் வந்துவிடும். இத்தனை அருகில் வாழ்ந்து மடிந்த ஒருவரைப் பற்றி நம்மவர்களில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவும் சித்திரக் கதையும் சொன்னவையே. அவருடைய வாழ்க்கையோ நம் தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிப் பிணைந்தது. பெயரே அங்கிருந்துதான் வந்தது. ஆர்க்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்னும் மகானை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலால் அப்பெயர் இடப்பட்டது. தேவனஹள்ளியில் 1750-ம் ஆண்டு நவம்பர் மாதம் பிறந்தார். தந்தை ஹைதர் அலி, தாய் பக்ருன்னிஸா.

குழந்தைக்கு ஐந்து வயதாகும் தறுவாயில், 1755-ல், ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக நியமனம் பெற்றார். பூட்டுக்கும் புகையிலைக்கும் பெயர்போன அந்தத் திண்டுக்கல்தான். அங்கே அவர் பிரெஞ்சுக்காரர் துணையோடு ஆயுதச்சாலை ஒன்றை நிறுவினார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். ஆனால் ஐரோப்பியனின் வெற்றி அவனுடைய நிறத்தில் இல்லை, அவன் துப்பாக்கியிலும் பயிற்சியிலும் இருக்கிறது என்பதை அக்காலத்து மன்னர்கள் பலரினும் முன்னதாகக் கண்டுகொண்டவர். மைசூர் நாட்டுத் துப்பாக்கித் தொழிலின் வித்து நம் பாண்டி நாட்டுக் குன்றின் அடியில் ஊன்றப்பெற்றது என்று சொல்லிக்கொள்வதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

இங்கே அக்காலத் துப்பாக்கியின் இயல்பைச் சற்று விளக்கிவிடுவோம். இது விளங்காவிட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது.

துப்பாக்கி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இருவகை உண்டு. குழலின் உட்புறத்தில் திருகு வரிகள் வெட்டியிருந்தால் அது ரைபிள். உட்புறம் வழவழப்பாயிருந்தால் மஸ்கட். ரைபிளின் குண்டு சுழன்றுகொண்டே செல்வதால் குறி தப்பாது. ஆனால் குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இறக்கிக் கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டியிருந்த அந்நாளில், வரிகளுக்குள் குண்டை இறுக்கி இறக்குவதற்கு நேரம் மிகுதியாகப் பிடித்தது. ஆகையால் பதினெட்டாம் நூற்றாண்டுப் படைகள் பெரும்பாலும் மஸ்கட்டையே தூக்கின. நூறு கஜத்துக்கு அப்பால் நிற்பவனை மஸ்கட்டால் குறிபார்த்து வீழ்த்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த காரியம். நன்கு பயின்ற சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடுவான். மற்றவனால் இரண்டு முறை சுடுவதே அரிது.

சுடும் பொறியிலும் வேற்றுமை இருந்தது. பழைய திரித் துப்பாக்கியில் புகைந்துகொண்டிருக்கும் திரியை மருந்தின்மேல் வைக்க வேண்டும். மழை பெய்தால் சண்டையே நின்றுபோகும். இரவிலோ திரியின் கங்கு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து வந்தது சக்கிமுக்கிக் கல் பூட்டிய பொறி. விசையை இழுத்தால் கல்லைக் கவ்விய சுத்தி எஃகுத் தகட்டில் மோதும். தெறிக்கும் பொறி கிண்ணியிலுள்ள மருந்தில் விழும். அந்த நெருப்பு சிறு துளை வழியே குழலுக்குள் பாயும். சொல்வதற்கு எளிது. கல் மழுங்கினாலும், கிண்ணியில் ஈரம் பட்டாலும், துளை அடைத்தாலும் வெடிக்காது. வெடித்தாலும் ஒரே ஒரு குண்டுதான். மறுபடி நிரப்புவதற்குள் எதிரி குதிரையில் வந்து கழுத்தருகே நிற்பான்.

அதனால்தான் தகுதியுடைய வீரன் ஒரு நீண்ட துப்பாக்கியோடு கைத்துப்பாக்கியையும் வைத்துக்கொண்டான். நீண்டது தூரத்துக்கு, சிறியது பத்துப் பதினைந்து அடி தூரத்துக்கு. சிறியது பெரும்பாலும் இரட்டையாகவே செய்யப்பெறும். இவற்றுக்குக் குண்டு பொருந்துவதும் ஒரு முக்கிய விஷயம். ஆங்கிலேயச் சிப்பாயின் மஸ்கட்டுக்குக் குழல் முக்கால் அங்குலம். பிரெஞ்சு மஸ்கட்டுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. ஆங்கிலேயனுடைய குண்டு பிரெஞ்சுக் குழலில் இறங்காது. அகலப் பாதை வண்டியை மீட்டர் பாதையில் ஓட்டப் பார்ப்பது போலத்தான். அயலானிடம் துப்பாக்கி வாங்குகிற அரசன், பின்னர் குண்டுக்கும் உதிரிக்கும் அவன் வாசலிலேயே நிற்க வேண்டும். திப்பு சுல்தான் சொந்தமாகவே செய்யத் துணிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

அவர் போர்க்களம் கண்டது மிக இளமையில். முதல் மைசூர்ப் போரின்போது, 1767-ல், பதினாறு வயது நிரம்பிய நிலையில் குதிரைப் படையோடு சென்னைப் பட்டணத்தின் புறத்தே வந்து கும்பினியாரின் தோட்ட வீடுகளைக் கொள்ளையிட்டுத் திரும்பினார். இரண்டாம் போரில் 1780-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைச் சூழ்ந்தார். தந்தையும் வந்து சேர்ந்துகொண்டார். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும் அப்படை நிலைகுலைந்தது. இரும்புக் குழாயில் மருந்தடைத்து மூங்கிலில் கட்டி எய்யும் மைசூர் ராக்கெட்டுகளுக்கு அந்நாளில் பெரும்பெயர் ஏற்பட்டது. பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இறந்தார். சிறைப்பட்டவர்களுள் பெயர்டு என்னும் இளம் காப்டன் ஒருவரும் இருந்தார். அவரைப் பின்னால் மறுபடி சந்திப்போம். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, 1782 பிப்ரவரியில், கொள்ளிடக் கரையில் அன்னகுடி என்னுமிடத்தில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படை முழுவதும் திப்புவிடம் சரணடைந்தது.

இவை வெற்றிகள். ஆனால் அதே படையெடுப்பில் தொண்டை மண்டலமும் தஞ்சைத் தரணியும் பட்ட பாட்டை மறைத்து எழுதுவதற்கில்லை. பயிர்கள் அழிக்கப்பட்டன. ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. குடிகள் ஊரைவிட்டு ஓடினர். மறுபக்கம், வேலு நாச்சியாருக்குத் திண்டுக்கல் சீமையில் புகலும் துணையும் தந்தவர் ஹைதர் அலியே. கொங்கு நாட்டுத் தீரன் சின்னமலை திப்புவின் பக்கம் நின்று போரிட்டவர். ஒரே மனிதர் ஒரு ஜில்லாவுக்குக் காவலராகவும் அடுத்த ஜில்லாவுக்குக் கொள்ளைக்காரராகவும் தோன்றினார். எவ்வூரிலிருந்து வந்து இங்கே குடியேறினோமோ அவ்வூர்ப் பாட்டிமார் சொன்ன கதையே நமக்கு உண்மையாகப் படுகிறது.

ஹைதர் அலி 1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகே பாசறையில் காலமானார். திப்பு பட்டத்துக்கு வந்தார். 1784-ல் மங்களூர் உடன்படிக்கையோடு போர் நின்றது. அதன் பின்னர்தான் ஆயுதத் தொழிலில் அவர் முழுமனத்தையும் செலுத்தினார். ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், நகரம் என்னும் நான்கு இடங்களில் தாராமண்டலம் என்ற பெயரால் தொழிற்சாலைகள் ஏற்பட்டன. பிரான்சுக்கு 1787-ல் புறப்பட்ட அவருடைய தூதர் மூவர், மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டனர். படையுதவி கேட்டார்கள், அது கிடைக்கவில்லை. தொழிலாளிகளைக் கேட்டார்கள், சிலர் வந்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 1800-ல் இந்நாட்டில் சுற்றிய புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், பீரங்கி துளையிடுவதற்குப் பிரெஞ்சுக்காரன் ஒருவன் நீரின் விசையால் ஓடும் இயந்திரம் அமைத்ததாகவும், சுல்தான் அதை மாடு கட்டி ஓட்டச் சொன்னதாகவும் எழுதி வைத்துள்ளார். தோற்றவரைப் பற்றி வென்றவர் பக்கத்து மனிதர் எழுதியது என்பதையும் நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும்.

இனித் துப்பாக்கிகளுக்கு வருவோம். அவருடைய சொந்த ஆயுதச்சாலைக்கென்று செய்யப்பெற்ற துப்பாக்கிகளைக் கண்டவுடனே அடையாளம் சொல்லிவிடலாம். குழலிலும் பூண்களிலும் புலியின் உடல் வரிகள் போன்ற கோலம் ஓடும். பல துப்பாக்கிகளில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் சுத்தியே புலியின் வடிவில் அமைந்திருக்கும். வெள்ளிப் பூண், பொன்னெழுத்து, தந்தையின் நினைவாக ஹைதர் என்னும் பெயரின் முத்திரை. ஆண்டைக் குறிப்பதற்கு அவர் தாமே வகுத்த மௌலூதி என்னும் கணக்கு. அதன் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இவையெல்லாம் அழகு. நமக்கு வியப்பை ஊட்டுவது வேறொன்று. இரட்டைக் கைத்துப்பாக்கிகளைச் செய்யும் ஐரோப்பியக் கம்மியர்கள் இரண்டுக்குமே சுடும் பொறியை வலப்பக்கத்தில் வைப்பதே வழக்கம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கம்மியர்களோ ஒன்றுக்கு வலப்பக்கத்திலும் மற்றொன்றுக்கு இடப்பக்கத்திலும் பொறியை அமைத்தார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். இடுப்பின் இருபுறமும் செருகிக்கொண்டால் பொறிகள் இரண்டும் வெளிப்புறமாக அமையும். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று. இடப்பொறி செய்வதற்கு ஒவ்வோர் உறுப்பையும் திருப்பி அடிக்க வேண்டும். வலப்பொறியின் திருகாணிகூட அதில் எல்லா இடத்திலும் உதவாது. அத்தனை வேலையையும் ஏற்றுச் செய்த அக்கம்மியர்களின் பெயரை நாமறியோம். கையை மட்டும் மெச்சுகிறோம்.

ஒரே குழலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மருந்தும் இரண்டு குண்டும் இட்டு இருமுறை சுடத்தக்க வேட்டைத் துப்பாக்கியும் அவரிடம் இருந்தது. ஆக, முதல் குண்டு தப்பினால் என்ன செய்வது என்ற ஒரே கவலை அந்த ஆயுதச்சாலை முழுவதும் நிறைந்திருந்ததாகத் தோன்றுகிறது. காட்டில் வேட்டையாடுகையில் துப்பாக்கி வெடிக்காமற்போய், பாய்ந்த புலியைக் கட்டாரியால் குத்திக் கொன்றார் என்று ஒரு கதை உண்டல்லவா? அது நடந்ததோ இல்லையோ, சக்கிமுக்கித் துப்பாக்கியைப் பழகியவர்கள்தாம் அக்கதையைக் கட்டியிருக்க முடியும்.

மூன்றாம் போர் 1790-ல் மூண்டது. 1792-ல் கார்ன்வாலிஸ் பிரபு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசலுக்கு வந்துவிட்டார். பாதி ராஜ்யத்தையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க நேர்ந்தது. திண்டுக்கல்லும், சேலம் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும், மலையாளமும், குடகும் கைவிட்டுப் போயின. சிறு பிள்ளைகளாயிருந்த புதல்வர் இருவரைப் பிணையாகச் சென்னைக்கு அனுப்பினார். 1794-ல்தான் அவர்கள் திரும்பி வந்தனர். பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த இரண்டாண்டின் நீளத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குடகிலும் மலையாளத்திலும் அவர் படை செய்த கொடுமைகளால் பிள்ளையை இழந்த வீடுகள் எத்தனை என்பதையும் அதோடு சேர்த்தே எண்ண வேண்டும். மேலுக்கோட்டையில் தமிழ் பேசும் மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் நரக சதுர்த்தசியைக் கொண்டாடுவதில்லை. தம் முன்னோர் பலர் அந்நாளில் சுல்தானின் ஆணையால் மாண்டனர் என்று காரணம் சொல்வார்கள். மராட்டியப் படையினர் 1791-ல் சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குப் பொருளுதவி அனுப்பி மறுபடி பிரதிஷ்டை நடக்கச் செய்தவரும் இதே சுல்தான்தான். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகச் சொல்லக்கூடிய கணக்கு நமக்குத் தெரியாது.

நான்காம் போர் சில மாதங்களில் முடிந்துவிட்டது. 1799 மே மாதம் 4-ம் நாள் பகல் ஒரு மணி அளவில், காவிரியில் நீர் குறைந்திருந்த சமயம், பீரங்கியால் இடித்த மதில் பிளவை நோக்கி ஆங்கிலேயப் படை ஆற்றைக் கடந்தது. முன்னின்று நடத்தியவர் ஜெனரல் பெயர்டு. பொள்ளிலூரில் பிடிபட்டு இதே கோட்டையில் மூன்றரை ஆண்டுக்கு மேல் சிறையிருந்த அந்த இளம் காப்டன்தான் இப்போது ஜெனரலாகத் திரும்பி வந்தார். சுல்தான் பகலுணவில் அமர்ந்திருந்தபோது, தம் தளபதி சையது கப்பார் பீரங்கிக் குண்டுக்கு இரையான செய்தி வந்தது. எழுந்து வடக்கு மதிலுக்குச் சென்றார். அங்கே குறுக்குச் சுவர் ஒன்றின் மறைவில் நின்று, வேலையாட்கள் நிரப்பி நிரப்பி நீட்டிய வேட்டைத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சுட்டார். ஏறி வந்தவர்களில் சிலர் அவர் குண்டுக்கு விழுந்தனர் என்று சொல்லப்படுகிறது.

இந்தக் காட்சியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். முப்பது வருஷம் படை நடத்தியவர். கோட்டைக்குள் பீரங்கிகள் மட்டும் 929. மஸ்கட்டுகளும் கார்பைன்களும் ஏறத்தாழ 99,000. சிறு ஆயுதங்கள் செய்து முடிக்கும் கூடங்கள் 11. பீரங்கி வார்க்கும் உலைகள் 2. வென்றவர்கள் எடுத்த ஜாபிதா இப்படிச் சொல்கிறது. இருப்புக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது மலைப்பான எண். ஆனால் அந்த மதில் மறைவில் அவருக்குப் பயன்பட்டவை, நாலைந்து ஏவலாளர் நடுங்கும் கையால் நிரப்பித் தந்த சில வேட்டைத் துப்பாக்கிகளே. மற்றவற்றைத் தூக்க வேண்டிய கைகள் ஓடிவிட்டன; அல்லது வாங்கப்பட்டுவிட்டன. மீர் சாதிக்கின் பெயரை இன்றும் இப்பக்கத்து மக்கள் நல்லதற்குச் சொல்வதில்லை.

காயம்பட்ட சுல்தான் குதிரை ஏறித் தண்ணீர் வாசல் பக்கம் வந்தார். உள்ளிருந்து ஓடுவோரும் வெளியிலிருந்து வருவோருமாக வாசல் அடைத்துக்கொண்டது. மறுபடி குண்டு பட்டுக் குதிரையும் விழுந்தது. பொன் வேலை செய்த அரைக்கச்சையைப் பறிக்க வந்த சிப்பாய் ஒருவனைக் கிடந்தபடியே வாளால் வெட்டினார். அவன் துப்பாக்கியை அவர் தலைக்கு நேரே வைத்துச் சுட்டான். யாரைச் சுட்டோம் என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. இருட்டிய பின் தீவட்டி வெளிச்சத்தில் பிணக்குவியலைப் புரட்டித்தான் உடலைக் கண்டெடுத்தார்கள். வயது 48. மறுநாள் மாலை கும்பஸ் மண்டபத்தில் தந்தையின் பக்கத்தில் அடக்கம் நடந்தபோது இடியும் மழையும் கொட்டித் தீர்த்தது.

அவருடைய மக்களை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 ஜூலை 10-ம் நாள் அங்கே சிப்பாய்கள் எழுந்த பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கிகள் கப்பலேறின. சில இங்கிலாந்து அரசரின் சேகரத்துக்குப் போயின. சில தளபதிகளின் வீட்டுச் சுவர்களில் தொங்கின. அவர்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தில் ஏலத்துக்கு வரத் தொடங்கி, லண்டனில் 2015-ல் நடந்த பெரிய ஏலத்திலும் பல விற்பனையாயின. 2019-ல் இங்கிலாந்தில் ஏலம் போன வெள்ளிப் பூண் துப்பாக்கி ஒன்று பயனெட்டோடு 60,000 பவுன் பெற்றது. அது இருபது போர் அளவுடையது. ஒரு ராத்தல் ஈயத்தை இருபது குண்டாக வார்த்தால் ஒரு குண்டு எவ்வளவோ, அவ்வளவு அகலமான குழல் என்று பொருள். மைசூர் ராக்கெட்டுகளில் பல இங்கேயே புதைந்து கிடந்தன. 2018-ல் சிவமொக்கா ஜில்லா நகரத்தில் பாழ்ங்கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன.

இப்போது தீர்ப்பைச் சொல்லிவிடலாம். பிள்ளைகள் அடுத்த முறை கோட்டை செய்யும்போது, சுல்தானின் கையில் ஸ்ரீரங்கப்பட்டணத்து வேட்டைத் துப்பாக்கியைக் கொடுக்கட்டும். படைச் சிப்பாயின் மஸ்கட் வேண்டாம். கடைசி நாளில் அவர் சுட்டது வேட்டைத் துப்பாக்கியால். சுத்தி புலி வடிவில் இருக்கட்டும். இடுப்பில் கைத்துப்பாக்கி கேட்ட சிறுவன் சொன்னதும் சரியே. ஆனால் ஒன்றன்று, இரண்டு வேண்டும். இடப்பக்கத்துக்கு இடப்பொறி, வலப்பக்கத்துக்கு வலப்பொறி என்று மாறாமல் வரைய வேண்டும். வாளையும் எடுத்துவிடாதீர்கள். பின்னால் துப்பாக்கி நிரப்பித் தரும் ஏவலாளர் இருவரையாவது அட்டையில் வெட்டி நிறுத்துங்கள். சென்ற ஆண்டு சுல்தான் தனியாக நின்றார், அது பிழை.

வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீரங்கப்பட்டணம் ஸ்டேஷனில் இறங்கினால் ரங்கநாதர் கோயில் நடக்கும் தூரமே. தண்ணீர் வாசலும், சுல்தான் விழுந்த இடத்தில் நட்ட கல்லும் கோட்டைக்குள்ளேயே இருக்கின்றன. தரியா தௌலத்தின் சுவரில் பொள்ளிலூர்ப் போர் முழுவதும் தீட்டப்பட்டிருக்கிறது. பல்லக்கில் பெய்லியையும் வெடிக்கும் மருந்து வண்டியையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டேஷன் அருகே தரையில் பாதி புதைந்தாற்போன்ற பழைய செங்கல் கட்டடம் ஒன்று உண்டு. திப்புவின் ஆயுதக் கிடங்கு அது. மைசூர்–பெங்களூர்ப் பாதையை இரட்டைப் பாதையாக்கும் வேலைக்கு அது குறுக்கே நின்றது. இடிக்க மனமில்லாமல், ஏறத்தாழ ஆயிரம் டன் எடையுள்ள அக்கட்டடத்தை 2017 மார்ச் மாதத்தில் முழுசாகத் தூக்கி நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். மைசூரிலிருந்து போகும்போது ஸ்டேஷன் நெருங்கியதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். வண்டி வேகம் குறையும் இடத்தில் தெரியும்.